ஆள் தேடும் மாணவர்களுக்குக் கூலி எங்கே?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம், எல்லோருக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்று மத்திய அரசு பெருமையோடு அறிவித்தது. உணவு கொண்டுவந்து தரும் கிக் தொழிலாளர்கூடச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இடம்பெற்றுவிட்டார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால், கல்லூரி அனுப்பிவைத்து ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை பார்க்கும் மாணவர் யார், அவருக்கு என்ன உரிமை என்பதை இந்தத் தொகுப்புகள் தனியாக வரையறுக்கவில்லை. தொழில் பழகுநராகப் பதிவானவருக்கு 1961-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஊழியருக்குத் தொகுப்புகள் இருக்கின்றன. இன்டர்ன்ஷிப் மாணவரோ இரண்டிலும் சேராமல் நிற்கிறார். இன்டர்ன்ஷிப்பைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரும் வேகம் மட்டும் குறையவில்லை. ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் மாணவர்களுக்கு 600 முதல் 700 மணி நேரம் என்கிறது, யு.ஜி.சி.யின் 2022-ம் ஆண்டு இளநிலைக் கட்டமைப்பு இதற்கு 2 முதல் 4 கிரெடிட் ஒதுக்குகிறது. கட்டாயம் உண்டு, பாதுகாப்பு இல்லை. இந்த முரண் மிக வெளிப்படையாகத் தெரியும் துறை ஆள்சேர்ப்பு.

மனிதவளம் படிக்கும் எம்.பி.ஏ., பி.பி.ஏ., சமூகப் பணி மாணவர்களுக்கு எளிதில் திறக்கும் கதவு ஆள்சேர்ப்பு கன்சல்டன்சிகளுடையது. அங்கே அவர்களுக்குத் தரப்படும் வேலைக்கு சோர்சிங் என்று பெயர். வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூம்களைத் தேட வேண்டும், தொலைபேசியில் அழைக்க வேண்டும், இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று கேட்டு எக்செல் தாளில் நிரப்ப வேண்டும், நேர்காணல் அன்று காலை அந்த நபர் கிளம்பிவிட்டாரா என்று மறுபடியும் அழைக்க வேண்டும். இத்தனை அழைப்பு, நேர்காணலுக்கு இத்தனை பேர் என்று அன்றாட டார்கெட் வேறு. ஊதிய அமைப்பு எப்படி முடிவாகிறது, நேர்காணலில் ஒருவர் ஏன் நிராகரிக்கப்பட்டார், நிறுவனத்தோடு பேரம் எப்படி நடக்கிறது என்பவைதாம் மனிதவளக் கல்வியின் சாரம். அவை நடக்கும் அறைக்குள் மாணவருக்கு இடமில்லை. முதல் வாரத்தில் கற்றுக்கொண்டதையே கடைசி வாரம் வரை செய்துவிட்டு, ஒரு சான்றிதழோடு வெளியே வருகிறார்.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். இந்தியாவில் ஆள்சேர்ப்பு கன்சல்டன்சிகள் பொதுவாக வாங்கும் கட்டணம், சேர்த்துவிட்டவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்ற தொடக்கநிலை வேலைக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டால் கிடைப்பது ஏறக்குறைய 25,000 ரூபாய். தொழில் பழகுநர் விதிகள் 2019-ல் திருத்தப்பட்டபோது பட்டதாரிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அந்த அளவில் கொடுத்தாலும் 18,000 ரூபாய்தான். ஆக, மாணவர் தேடிக் கொடுத்தவர்களில் ஒரே ஒருவர் வேலையில் சேர்ந்து நிலைத்தாலும் முழு உதவித்தொகையும் ஈடாகிவிடும், மிச்சமும் இருக்கும். 8.33 என்ற இந்த எண்ணை ஒவ்வொரு கல்லூரியின் பயிற்சி, வேலைவாய்ப்பு அலுவலகச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும். வேறு துறைகளில் மாணவரின் உழைப்பு எவ்வளவு வருமானம் ஈட்டியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆள்சேர்ப்பில் அது இன்வாய்ஸாகவே கையில் இருக்கிறது. விலை தெரிந்த உழைப்புக்குக் கூலி மறுப்பதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டக் கூடாது.

கற்றுக்கொடுப்பதே கூலிக்கு ஈடு என்பது முதல் மறுப்பு. அப்படியானால் பட்டயக் கணக்காளர் பயிற்சியில் ஆர்ட்டிகிள்ஷிப் மாணவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை ஏன் விதியாகவே இருக்கிறது? அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனுக்கு ஏன் மாதந்தோறும் பணம் தரப்படுகிறது? அவர்களும் கற்கத்தானே செய்கிறார்கள்? சிறிய கன்சல்டன்சிகளால் தாங்க முடியாது என்பது இரண்டாவது மறுப்பு. நான்கு பேர் வேலை செய்யும் நிறுவனமும் விரும்பினால் தொழில் பழகுநரைச் சேர்க்கலாம். பட்டதாரிகளுக்கான தேசியத் தொழில் பழகுநர் திட்டத்தில் விதிக்கப்பட்ட குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. அந்த வழி திறந்திருந்தும் அதில் போக மறுப்பவர், தாங்க முடியாதவர் அல்லர், தர விரும்பாதவர். பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறதே என்பது மூன்றாவது. மாதம் 5,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் முழுநேரக் கல்லூரி மாணவர்களுக்கானதே அல்ல. அதைப் பதிலாகச் சொல்பவர்கள் அதன் தகுதி நிபந்தனைகளைப் படிக்கவில்லை.

இந்தச் சிக்கலைச் சட்டத்தால் தீர்க்க முடியும் என்பதற்கு பிரான்ஸ் தெளிவான சாட்சி. அங்கே மாணவர், கல்வி நிறுவனம், வேலை தரும் நிறுவனம் ஆகிய மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சி தொடங்க முடியாது. இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தால் உதவித்தொகை கட்டாயம். அது மணிக்கு 4 யூரோவுக்கு மேல். ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு மாணவருக்கும் நிறுவனத்தில் ஒரு வழிகாட்டி. ஒரு வழிகாட்டியின் கீழ் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில், பயிற்சி மாணவர்கள் பணியாளர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாணவர்களை வைத்தே அலுவலகம் நடத்தும் வழியை இந்த வரம்பு அடைத்துவிடுகிறது. பிரான்ஸ் பணக்கார நாடு என்பார்கள். ஒப்பந்தத்துக்கும் வழிகாட்டிக்கும் எண்ணிக்கை வரம்புக்கும் பணம் தேவையில்லை. நம் தொழில் பழகுநர் விதிகளிலேயே 2.5 முதல் 15 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. அதே 15. அதை இன்டர்ன்ஷிப்புக்கு நீட்டிக்க ஓர் அரசாணைகூட வரவில்லை என்றால், குறை வசதியில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

பாதிப்பு மாணவரோடு நிற்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்கள் ஒதுக்கப்பட்டதாகவும், வெளி ஆள்சேர்ப்பு முகமைகள் வழியாக அது நடந்ததாகவும் 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆட்களைச் சேர்ப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976 முதல் சட்டம் சொல்கிறது. புதிய ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்ற கேள்வி கேட்கப்படும் முதல் இடம் தொலைபேசி அழைப்புதான். அந்த அழைப்பைச் செய்யும் மாணவருக்கு அந்தக் கேள்வி சட்டவிரோதப் பாகுபாட்டுக்கு வழிவகுக்கும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. தெரிந்தாலும், கிரெடிட்டும் சான்றிதழும் நிறுவனத்தின் கையில் இருக்கும்போது அவர் மறுக்க முடியாது. முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோரின் கைபேசி எண்ணும் சம்பள விவரமும் அவருடைய சொந்த வாட்ஸ்ஆப்பில் கிடக்கின்றன. இருபது வயதில் ஒருவர் தொழிலுக்குள் நுழையும்போதே சட்டத்தை மீறப் பழக்குகிறோம். பட்டதாரிகளிடம் திறமை இல்லை என்று தொழில்துறை ஓயாமல் குறைகூறுகிறதே, அந்தக் குறையின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

தமிழக உயர்கல்வித் துறை டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உதவித்தொகை இல்லாத இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் கிடையாது என்று பல்கலைக்கழகங்கள் விதி வகுக்கட்டும். முத்தரப்பு ஒப்பந்தம், பெயர் குறிப்பிட்ட வழிகாட்டி, 15 சதவீத உச்சவரம்பு ஆகிய மூன்றையும் நிபந்தனையாக்கட்டும். இவற்றைச் செய்ய மனமில்லாத பல்கலைக்கழகம் இன்டர்ன்ஷிப்பைப் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கிவிடட்டும். கட்டணமும் கட்டிவிட்டு, அடுத்தவர் வருமானத்துக்குக் கூலியின்றி உழைக்க வேண்டும் என்று மாணவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் இல்லை.