கொம்பு இடம்மாறிய திரை

கணினி வரைவியல் படிக்கும் மாணவர் முதன்முதலில் செய்யும் முப்பரிமாண விளையாட்டு யாரையும் பெரிதாகக் கவர்வதில்லை. சாம்பல் நிறத் தரை, நாலைந்து பெட்டிகள், அவற்றிடையே விசைப்பலகை சொன்னபடி நகரும் இன்னொரு பெட்டி. கொழும்பில் கொட்டாஞ்சேனை வீடொன்றில் இதைக் காட்டினால், 'இதுக்கோ இவ்வளவு காசு கட்டினம்?' என்று கேட்பார்கள். யுனிட்டி, அன்ரியல் போன்ற ஆயத்த இயந்திரம் ஒன்றைத் திறந்தால் அதே மாணவர் ஒரே பின்னேரத்தில் மழை பெய்யும் காட்டையே எழுப்பிவிடலாம். பிறகு எதற்குப் பெட்டி?

அந்தப் பெட்டிக்கு ஒரு நீண்ட வமிசம் உண்டு. 1963இல் ஐவன் சதர்லண்ட் திரையில் நேரடியாக வரையும் ஸ்கெச்பாட் என்ற நிரலை உருவாக்கினார். பின்னர் அவர் கற்பித்த யூட்டா பல்கலைக்கழகத்தில்தான் இத்துறையின் பாதி அடித்தளம் விழுந்தது. எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்று தீர்க்க, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் தூரத்தையே நினைவகத்தில் எழுதிவைக்கும் முறையை எட் கட்முல் 1974இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். நினைவகம் அன்று விற்ற விலைக்கு அது ஊதாரித்தனம். இன்று கைத்தொலைபேசியும் அதைத்தான் செய்கிறது.

அதே யூட்டாவில் படித்தவர், ஹனோயில் பிறந்த புய் துவோங் போங். பளபளப்பான பரப்பில் ஒளி எப்படித் தெறிக்கிறது என்பதற்கு அவர் 1973இல் கொடுத்த சூத்திரம் இன்றும் வரைவியல் வகுப்புகளில் ஒளியூட்டலின் முதற் பாடங்களில் ஒன்று. 1975இல், முப்பத்திரண்டு வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். சொந்த நாட்டின் போர் முடிந்ததும் அந்த ஆண்டில்தான். போர் நடந்த நாட்டிலிருந்து போய் ஆய்வுகூடங்களில் இருந்த எங்கள் தலைமுறையினருக்கு அவரைப் பற்றி யாரும் தனியாக விளக்கத் தேவையில்லை.

கொழும்புக்கு இந்தக் கல்வி வந்த தடம் சுருக்கமானது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1987இல் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது; 2002இல் அது கணினி விஞ்ஞானத் துறையோடு இணைந்து பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி ஆனது. 1990இல் தொடங்கிய ஐஐடி என்ற தனியார் நிறுவனம் வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் இருக்கிறது. ஆனால் இந்த வாசல்களுக்கு வெகு முன்பே, ரியூசன் கொட்டில்களில் எங்கள் பிள்ளைகள் காவியையும் (வெக்டர்) தாயத்தையும் (மேட்ரிக்ஸ்) போட்டுப் பழகிவிடுகிறார்கள். இணைந்த கணிதத்தில் இரண்டு காவிகளின் எண்ணிப் பெருக்கம் எதற்கென்று கேட்டால், 'சோதனைக்கு வரும்' என்பதே வழக்கமான பதில். ஒரு சுவர் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை அந்தப் பெருக்கம்தான் தீர்மானிக்கிறது என்று பெட்டி செய்யும்போதுதான் பிடிபடும். சுவரின் செங்குத்துக் காவி ஒன்று, விளக்கை நோக்கிய காவி மற்றது. அவ்வளவே.

கருவிகளின் விலை விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1992இல் ஓப்பன்ஜிஎல் என்ற வரைவியல் இடைமுகம், 1996இல் வீட்டுக் கணினிக்கான வூடு வரைவியல் அட்டை, கூடவே குவேக் விளையாட்டு. அந்த 1996 கொழும்புக்கு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பும், வரட்சியால் வந்த நீண்ட மின்வெட்டும் இருந்த ஆண்டு. முப்பரிமாண உருவங்களை வடிக்கும் பிளெண்டர் 2002இல் திறந்த மூலமானது, கொடோ என்ற விளையாட்டு இயந்திரம் 2014இல். 2015இல் அன்ரியலைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ள முடிந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, இலவச மென்பொருளுக்கும் மின்சாரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

காசு தடையில்லை என்றானபின் மிஞ்சுவது வேறொரு தடை. ஆயத்த இயந்திரத்தில் காலி வீதி போல ஒன்றைக் கட்டி, கடைப் பலகையில் வெள்ளவத்தை என்று தமிழில் எழுதிப் பாருங்கள். யுனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வரையும் நிரலின் வேலை. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட நிரல் அதைச் செய்யாது. வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ளகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி ஐகாரக் குறியும் பின்னால் தொங்கும். கொட்டாஞ்சேனைக்கு மூன்று இடத்தில் அடி. பலர் பலகையைப் படமாக வரைந்து ஒட்டிச் சமாளிக்கிறார்கள். பலகைக்கு அது போதும். பாத்திரம் பேசும் வசனத்துக்கு, விளையாடுபவர் தட்டச்சிடும் பெயருக்கு உதவாது.

பெட்டியிலிருந்து வந்தவருக்கு இது தீராத சிக்கல் அல்ல. ஹார்ஃப்பஸ் என்ற இலவச நூலகம் எழுத்துகளை வாங்கி, எந்த வடிவம் எங்கே நிற்க வேண்டும் என்று திருப்பித் தரும். ஒவ்வொரு வடிவத்தையும் இரண்டு முக்கோணிகளால் ஆன தகட்டில் ஒட்டினால் சொல் நிமிர்ந்து நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கொடோ 4 இதைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. அதற்கு முன்பு காத்திருந்தவர்கள், இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரியாதவர்களே. எனவே அடிப்படைப் பாடத்தை நேரவிரயம் என்று வெட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எவரோ தமக்காகச் செய்த கருவியை நாம் கடன் வாங்குகிறோம். அது நம் எழுத்தில் தடுக்கும்போது கழற்றிப் பூட்ட ஆள் வேண்டும்.

தமிழ் எழுத்தை விளையாட்டில் கையாண்டு காட்டியவர்களும் உண்டு. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', முப்பரிமாண விளையாட்டல்ல. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயின் சமையல் கதை. ஆனாலும் அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. தமிழ் எழுத்தை அங்கே அலங்காரமாக அல்ல, கதை சொல்லும் வழியாகவே கையாண்டார்கள்.

கொழும்பு மாணவர் திரையில் கட்டிப் பழக இடம் தேடி அலைய வேண்டாம். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம், பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் தூண்கள், நடுவே ஜம்பட்டா வீதி. ஒரு தூணை வடித்து அதையே நூறு இடத்தில் நிறுத்தும் உத்திக்கு அந்தக் கோயிலைவிட நல்ல பயிற்சி கிடையாது. வீதிப் பெயர்ப்பலகையை மூன்று மொழியிலும் வைக்கச் சொல்லி, படமாக ஒட்டாமல் எழுத்தாகவே வரைபவருக்குத் தனிப்புள்ளி கொடுக்கலாம். சிங்களத்திலும் கொம்பு முன்னால்தான் வரும். பக்கத்து மேசைக்காரரும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்.