பூமியின் உஷ்ணமும் நமது தேசத்தின் வழக்கும்

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு ஆகாயத்தைப் பார்ப்பது தொழிலின் ஒரு பாகம். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் வேண்டும். மழை விடாது பிடித்தாலோ குழித்தறியில் ஈரம் ஊறி வேலை நின்றுபோகும். பருவம் தப்புகிறதென்று அவரிடம் ஒருவர் போய்ச் சொல்லவேண்டியதில்லை. அது மனிதன் செய்ததுதானா என்பதிலேதான் நம்மில் படித்தவர்களுக்கே சந்தேகம் பிறக்கிறது. சூரியனின் போக்கு, பிரகிருதியின் சுழற்சி என்று சிலர் கையை விரிக்கிறார்கள். வேறு சிலரோ தேசாபிமானத்தின் பேரால், நம் கைத்தொழில்களை முடக்க மேல்நாட்டார் கட்டிய கதை இது என்கிறார்கள். இரண்டும் பிழை, பின்னது தேசத்துக்கே கேடு என்பது நமது அபிப்பிராயம்.

நிலக்கரியை எரிப்பதால் எழும் கரியமிலவாயு பூமியின் உஷ்ணத்தை உயர்த்தும் என்று ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896-லேயே கணக்கிட்டார். 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்காயிருந்த அவ்வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சூரியனே காரணமானால் வாயுமண்டலம் மேலும் கீழும் ஒருங்கே சூடேற வேண்டும். நடப்பதோ, கீழே சூடேறுகையில் மேலடுக்கு குளிர்கிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்களும் உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-ல் எடுத்துக்காட்டிய வீரபத்ரன் ராமநாதன், நமது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இவரும் மேல்நாட்டார் சூழ்ச்சிக்கு உடந்தை போலும்!

ஒவ்வொரு வெள்ளத்தையும் இக்கணக்கில் எழுத நாம் விரும்பவில்லை. 2015 டிசம்பர் பெருமழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் சிலர், அதில் பூகோள உஷ்ணத்தின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை என்றே எழுதினார்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்கிறவர்கள், தெரிந்ததென்று சொல்லும்போது நம்பாமலிருப்பானேன்?

நம் முன்னோடிகள் செய்ததைப் பாருங்கள். 1990-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனமொன்று, நெல்வயலிலும் கால்நடையிலும் எழும் மீத்தேன் வாயுவையும் சேர்த்து, இந்தியாவைப் பெருங்குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்திற்று. டில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் மறுவருஷமே எதிர்த்தெழுந்தனர். உஷ்ணம் பொய் என்றா சொன்னார்கள்? இல்லை. ஏழையின் கஞ்சிக்கு நெல் விளைகையில் எழும் வாயுவையும், செல்வரின் மோட்டார் வண்டிப் புகையையும் ஒரே தராசில் இடுவது எந்த நீதி என்று கேட்டார்கள். அதே 1991-ல் ஏ. பி. மித்ரா முதலிய நமது விஞ்ஞானிகள் வயலில் இறங்கி அளந்து, நெல்வயல் மீத்தேன் அமெரிக்கர் மதிப்பைவிடப் பல மடங்கு குறைவென்று காட்டினார்கள். பொறுப்பு பொதுவானதாயினும் எல்லாருக்கும் சமமானதன்று என்ற கொள்கை 1992-ல் ரியோ உடன்படிக்கையில் ஏறிற்று. 2022-ல் எகிப்து மகாநாட்டில், நஷ்டமுற்ற ஏழை நாடுகளுக்கு உதவ ஒரு நிதி ஏற்படுத்த இசைந்தார்கள்.

மனிதன் காரணமன்று என்று நாமே சாதித்தால் இவ்வழக்கில் பிரதிவாதி யார்? இருநூறு வருஷம் கரியெரித்துச் செல்வம் சேர்த்தவர்களை விடுதலை செய்துவிட்டு, சூரியனிடம் ஈடு கேட்பதா?

நமது கணக்கும் உண்டு. வருஷாந்தரக் கரியமிலவாயுவில் இந்தியா இன்று உலகில் மூன்றாவது. தலைக்கு இவ்வளவென்று வகுத்தால் உலகச் சராசரிக்குக் கீழே. இவ்விரண்டையும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி உட்பட, ஒளிக்காமல் எழுதிக்கொண்டே நம் பிரதிநிதிகள் அடுத்த மகாநாட்டுக்குச் செல்லவேண்டும் என்று பார்லிமெண்டில் கேட்க, தமிழ்நாட்டு அங்கத்தினர் முன்வருவார்களா?