அறை விழுந்த காதுக்கு அவசர ஆபரேஷன் எதுக்கு?

1/ முடிச்சூர் அக்கா ஒருத்தங்க. வீட்ல செவுள்ல விழுந்த அறையில செவிப்பறை கிழிஞ்சு 5 நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில "தழும்பில்லாத எண்டோஸ்கோபி ஆபரேஷன்"னு தேதி குறிச்சுட்டாங்க.

2/ நல்ல ஆபரேஷன்தான். காதுக்குப் பின்னால கிழிக்காம, காது துவாரம் வழியாவே ஒட்டு வைப்பாங்க. ஆனா அடிபட்டு விழுற புது ஓட்டை பெரும்பாலும் 2, 3 மாசத்துல தானாவே மூடிடும்.

3/ அதுவரை எண்ணெய், பட்ஸ், தண்ணி எதுவும் காதுக்குள்ள போகக்கூடாது. சீழ், தலைசுத்தல், முகக்கோணல்னா உடனே வாங்க. மூடலைன்னா அப்போ ஆபரேஷன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் செய்றாங்க.

4/ "தழும்பு வருமா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "இப்பவே தேவையா"ன்னு கேளுங்க. அறை விழுந்ததை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. அதைப் பதிவு பண்றதும் எங்க வேலைதான்.