திரை போனால் கணினி போயிற்றா?

அட்டை கிழிந்த புத்தகத்தை நாம் எடைக்குப் போடுவதில்லை; பைண்டிங்குக்குக் கொடுக்கிறோம். திரை உடைந்த மடிக்கணினியை மட்டும் 'அது போய்விட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லோடுதான் எங்களுக்கு வழக்கு.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கணினி வழங்கியது. திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்காலிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் கண்ட முதல் கணினி அதுவாகத்தான் இருக்கும். அவற்றுள் திரை உடைந்தவை இன்று பரணில் கிடக்கின்றன, அல்லது பழைய இரும்போடு போய்விட்டன. புதுத் திரைக்கு ஆகும் செலவைக் கேட்டதுமே ஓர் ஏழை வீட்டில் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆனால் திரை என்பது கணினியின் முகம் மட்டுமே. செயலியும் நினைவகமும் வன்தட்டும் விசைப்பலகைக்கு அடியில் இருக்கின்றன. கீல் வழியாகச் செல்லும் ஒரு மெல்லிய கம்பிப்பட்டைதான் திரையை அவற்றோடு இணைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் உள்ள விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ துளையில் ஒரு பழைய மானிட்டரையோ வீட்டுத் தொலைக்காட்சியையோ செருகினால் பெரும்பாலான கணினிகள் மறுபடி பேசத் தொடங்கும். விஜிஏ 1987இல் வந்த ஏற்பாடு. கழித்துக்கட்டப்பட்ட மேசை மானிட்டர்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது.

கழற்றுவதற்கு முன் மானிட்டரை இணைத்துப் பார்த்து, படம் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. பிறகு மின்கலத்தை எடுத்துவிட வேண்டும். கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வைஃபை ஆண்டெனாக்கள் பெரும்பாலும் திரைச் சட்டத்துக்குள்தான் பதிந்திருக்கும். திரையோடு அவற்றையும் அறுத்தெறிந்தால் இணையம் தடுமாறும். ஆகவே அவற்றைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, அடிப்பாகத்தோடு ஒட்டிவைக்க வேண்டும். கேமராவும் ஒலிவாங்கியும் திரையோடு போய்விடலாம். இந்த இழப்புகளைத் தெரிந்தே ஏற்க வேண்டும்.

'இதன் பிறகு அது மடிக்கணினியே அல்லவே' என்று கேட்கலாம். உண்மைதான், அது இனி மேசையை விட்டு நகராது. எனினும் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் பக்கங்களைப் படிக்கவோ, ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்யவோ மடி எதற்கு?

எங்கள் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. பொருளைக் கொடுத்த நாம், அதைத் திறந்து பார்க்கும் துணிவைக் கொடுக்கவில்லை. சைக்கிள் சங்கிலி கழன்றால் தானே மாட்டிக்கொள்ளும் பிள்ளை, கணினியின் ஒரு திருகாணியைக் கண்டு அஞ்சுகிறது. பழுதுநீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழுவை அமைத்தது. உரிமை காகிதத்தில் வந்தாலும், கை பழகாதவரை அது யாருக்கும் பயன்படாது.

2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்குக் கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அவற்றின் திரைகளும் ஒருநாள் உடையும். அரசு அலுவலகங்கள் கழித்துவிடும் மானிட்டர்களையும் பரணில் கிடக்கும் திரையற்ற கணினிகளையும் ஊர்ப்புற நூலகங்களில் ஒன்றுசேர்த்தால் என்ன? சேர்க்கும் வேலையை அந்தந்த ஊர் மாணவர்களே செய்யட்டும். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு பிற்பகலும் போதும். படிக்க ஓர் இடமும் கிடைக்கும், பயமும் போகும்.