ஐம்பது வெள்ளி நீலம்

அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு என்பதே மீன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் ஐந்து வெள்ளி கொடுக்க வேண்டிய இடத்தில் ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார். நல்ல மனிதர், கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது மூணாவது தடவைக்கா" என்று மறுநாள் என்னிடமும் சொன்னார்.

நம் ஐந்து வெள்ளி நோட்டு பச்சை, ஐம்பது வெள்ளி நீலம். கண்புரை முற்றினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சள் பூத்துவிடுமாம். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு நீலமும் பச்சையும் ஒன்றாகத்தானே தெரியும்? இதையெல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டேன். அம்மா இரண்டு வருடமாக மறைத்திருக்கிறார். காரணம் கேட்டால் பேச்சை மாற்றினார். பிறகு ஒரு நாள் அவராகவே சொன்னார்: "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது பாப்பா."

பாட்டி கேரித் தீவுத் தோட்டத்தில் கடைசி ஆறு வருடம் லயத்து வாசற்படியில் உட்கார்ந்தே கழித்தவர். காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்வாராம். அது குடும்பத்தோடு வந்த விதி, வைத்தியம் கிடையாது என்று அம்மா முடிவு கட்டியிருந்தார். அரை மணி நேர ஆபரேஷனில் தீரக்கூடியது என்றபோது அவர் நம்பவில்லை. நம்பாமலேதான் என்னோடு ரயில் ஏறினார்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஓட்டலில் தங்கினோம். பெரிய சாலை துன் சம்பந்தன் பெயரில் இருக்கிறது என்றதும் அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "நம்ம ஊர்க்காரருல்ல!" ஆமாம், சுங்கை சிப்புட்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் மரம் வெட்டியவர்களின் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்கிக் காட்டியவர். சொந்த ஊர்க்காரர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி அம்மா அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டு இருவர் எதிரே வந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் சத்தமாகச் சிரித்தார். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இது அன்றாடக் காட்சி. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் பல உண்டு. நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படும் மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். (அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.) அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர்கள் சாலையைக் கடக்கும் வரை பார்த்தார். "எங்கம்மா வாசப்படிய விட்டு எறங்கவே இல்ல" என்றார். அதற்குப் பிறகு அறைக்குப் போகும் வரை பேசவில்லை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கவைத்து, பழைய வில்லையை எடுத்து, புதியதை உள்ளே வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா முதலில் பார்த்தது என் முகத்தையோ டாக்டரையோ இல்லை. தன் மடியைத்தான் பார்த்தார்.

"இந்தச் சேலை நீலமா? பச்சைன்னுல்ல ரெண்டு வருசமா கட்டிக்கிட்டிருக்கேன்!"

வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். வியாழன் முழுதும் சும்மா. ஓட்டல் அறையில் படுத்திருப்போம் என்றுதான் நினைத்தேன். மருத்துவத்துக்கு வந்த இடத்தில் ஊர் சுற்றினால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு தயக்கம் நமக்கு எப்போதும் உண்டு. அம்மாதான், "இங்கேருந்து கிள்ளான் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். கொமுட்டரில் ஒரு மணி நேரம். முகத்தில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, நான்கு வேளை சொட்டு மருந்து. ரயில் ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளத்தான் பிடிவாதம். "சினிமாக்காரின்னு நெனப்பாங்க." எழுபத்திரண்டு வயதில் அந்தக் கவலை. ரயில் புறப்பட்டதும் கண்ணாடியைப் பற்றி மறந்துவிட்டார். ஒவ்வொரு நிலையத்திலும் பலகையை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். பத்து தீகா. ஷா ஆலாம். பாடாங் ஜாவா. எதிரில் இருந்த மலாய்க்காரப் பையன் முதலில் சிரித்தான், பிறகு அடுத்த நிலையத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தான். அம்மா அவனை அடக்கிவிட்டார். தானே படிக்க வேண்டுமாம்.

கிள்ளான் நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே போனோம். மாலைக் கடை, முறுக்குக் கடை, வாசலுக்கு வெளியே தொங்கும் சேலைகள். கேரித் தீவிலிருந்து தீபாவளிக்குத் துணி எடுக்க அவர்கள் வந்த ஊர் இது. எந்தக் கடை எங்கே இருந்தது என்று அம்மா சொன்னதில் பாதி மாறிப்போயிருந்தது. அதனால் என்ன, அவர் வருத்தப்படவில்லை. ஒரு சேலைக் கடையில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பேரம் பேசினார். பையிலிருந்து அவரே நோட்டுகளை எடுத்து எண்ணினார். நான் கிட்டே போனேன். "எனக்குத் தெரியும், நீ தள்ளு" என்றார். மூன்று நீலம், ஒரு பச்சை. சரியாகத்தான் இருந்தது.

வாழையிலைச் சாப்பாட்டின்போது கிள்ளான் டாக்டர் ஒருவரின் கதையை அவருக்குச் சொன்னேன். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிள்ளானை, திறந்த சில வாரங்களிலேயே மலேரியா அங்கிருந்தவர்களைச் சாய்த்துவிட்டது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, காட்டை வெட்டவைத்துக் கொசுவை ஒழித்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்து நான்கே வருடம் ஆகியிருந்தது. பிறகு வாட்சன் தோட்டங்களிலும் அதையே செய்தார்.

அம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். "எங்க தாத்தா காலத்துல பெரட்டுல கொயினா குடுப்பாங்களாம். கசப்புன்னு துப்பிருவாங்களாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "காய்ச்சலுக்கு அவ்வளவு செஞ்சிருக்காங்க. அம்மா கண்ணுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். என்னிடம் பதில் இல்லை. மோர் ஊற்றச் சொன்னேன்.

மாலை சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். தீர்த்தம் வாங்கி வழக்கம்போல் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டம் இல்லை. தூண் ஓரமாக உட்கார்ந்து கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். கடைசிக்கு முந்திய ரயிலில்தான் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்தி என்றார். அடுத்த கண்ணைப் பற்றி நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்திக்கொண்டார். மூன்று மாதம் கழித்துச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"அது புரட்டாசியில வருதான்னு பாரு பாப்பா. சனிக்கிழமை பெருமாளுக்குக் கூட்டம் நெரிசலா இருக்கும். வியாழக்கிழமையாப் பாத்து வாங்கு."