இரவல் இசை எதற்கு?

கரையான்சாவடி போலும் ஊர்களில் பகலெல்லாம் பணிசெய்து, மாலையில் கூடிப் பறையும் குழலும் பயில்வோர் திரைப்பாட்டையே திருப்பி முழக்குவானேன்? தமக்கெனப் புத்திசை ஒன்றை இசையமைப்பாளரிடம் கேட்டுப் பெறலாகாதா?

“பயிற்சி குறைந்தோர்க்கு ஏற்ற இசை உயர்ந்ததாகுமா?” என்பார் உளர். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் பெ. சுந்தரனார் பாடிய தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியை, 1970இல் தமிழ்நாட்டரசு வாழ்த்துப் பாடலாக ஏற்றது. அதற்கு இசை வகுத்தவர் ம.சு. விசுவநாதன். மோகனம் எனப்படும் முல்லைப்பாணி, ஐந்தே சுரங்கள், மும்மை நடை. பள்ளிச் சிறாரும் பாடுகின்றனர். 2021இல் அது மாநிலப் பாடலானது; இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றோர் வாயாற் பாடுக, 55 நொடியிற் பாடுக என்றது அரசாணை. எளிய குரலுக்கும் எட்டும் இசையாதலினன்றோ அது இயல்கின்றது! எளிமை இழிவன்று.

ஆகவே, கேட்போர் அளவறிந்து கேட்க. குழுவினர் எத்துணையர், கருவிகள் யாவை, பயிற்சி எவ்வளவு, இசை எத்தனை நொடி என்பவற்றை முன்னரே எழுதிக் கொடுக்க. உழைப்புக்குரிய ஊதியமும் கொடுக்க. விலையின்றிக் கேட்பது கலைஞரை இழிவுசெய்வதாகும்.

பண் நம்முடையது; பறை நம்முடையது; முழக்கும் கையும் நம்முடையதே. இனியும் இரவல் இசை எதற்கு?