சான்றிதழுக்குப் பிறகு

2023 செப்டம்பரில், ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் இந்து சமய அறநிலையத் துறை அமைச்சர் கையால் சான்றிதழ் பெற்றார்கள். பெண்கள் அர்ச்சகராகிவிட்டார்கள் என்று ஒரு பக்கம் மகிழ்ச்சி; ஆகமம் போயிற்று என்று இன்னொரு பக்கம் பதற்றம். இரண்டு தரப்புமே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டன. அன்று கிடைத்தது பயிற்சி முடித்ததற்கான சான்று மட்டுமே. அடுத்து ஓராண்டு மூத்த அர்ச்சகர்களிடம் கோயிலில் பழக வேண்டும். வேலை அதற்கும் பிறகு.

பயிற்சி, நியமனம், அன்றாடம் அந்த வேலையைச் செய்ய முடிவது ஆகிய மூன்றும் தனித்தனி. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற பேச்சில் பெரும்பாலும் இவை ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1970 டிசம்பரில் தமிழக அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பதவி பரம்பரையாக வருவதை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1972-இல் வந்த சேஷம்மாள் வழக்குத் தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் காரியம்; ஆகவே பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும். ஆனால் ஆகமம் வகுத்த பிரிவைச் சேராத ஒருவரைக் கருவறைக்குள் நியமிக்கக் கூடாது. முதல் பாதி கதவைத் திறந்தது, இரண்டாம் பாதி அதைப் பாதியில் நிறுத்தியது. இன்றுவரை நடக்கும் வழக்குகள் எல்லாம் அந்தப் பாதிக் கதவைப் பற்றியவைதான்.

2006-இல் தகுதியும் பயிற்சியும் உள்ள எந்த இந்துவும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வந்தது. சைவத்துக்கு நான்கு, வைணவத்துக்கு இரண்டு எனப் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. வைணவப் பள்ளிகளில் ஒன்று திருவல்லிக்கேணியில், மற்றது ஸ்ரீரங்கத்தில். இருநூறுக்கும் மேற்பட்டோர் படித்து முடித்து, பல்லாண்டு வேலையின்றிக் காத்திருந்தார்கள். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும், அந்த ஆகம விதியும் அரசியல் சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு கோயிலாகப் பார்த்து முடிவு செய்யலாம் என்றது. 2018-இல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டு 14 அன்று 58 பேருக்கு நியமன ஆணை தரப்பட்டது. அவர்களில் 24 பேர் அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்கள். 2006-ஆம் ஆண்டு ஆணையிலிருந்து எண்ணினால் பதினைந்து வருடம்.

ஆணை கையில் வந்தும் முடியவில்லை. திருச்சிக்கு அருகே குமார வயலூர் முருகன் கோயிலில் நியமிக்கப்பட்ட இருவரின் நியமனத்தை, ஆகமத்தைக் காரணம் காட்டி 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி ரத்து செய்தார். அது மேல்முறையீட்டுக்குப் போனது.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆகமத்துக்கும் தனித் தீட்சை உண்டு. ஸ்ரீரங்கத்தில் பாஞ்சராத்திரம், வேறு பெருமாள் கோயில்களில் வைகானசம். ஒன்றில் தீட்சை பெற்றவர் மற்றதில் பூஜை செய்ய முடியாது, அவர் பிராமணராக இருந்தாலும். ஆக இது சாதி அல்ல, முறை என்கிறார்கள். வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தீட்சைதான் தகுதி என்றால், அதை யாருக்குக் கொடுப்போம், யாருக்கு மறுப்போம் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதில் பிறப்பில் போய் நின்றால், அது சாதிதான். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது மூன்றாவது கட்டம். ஒரு கோயிலில் வேலை என்பது முறை வைத்து நடப்பது. மூலவர் சந்நிதியில் யார் நிற்பது, அபிஷேகத்துக்கு யார், வெளிப் பிராகாரத்தில் இருக்கும் சிறு சந்நிதிக்கு யார் என்பதெல்லாம் அதில் அடக்கம். பல கோயில்களில் சம்பளம் சொற்பம், தட்டுக்காசுதான் குடும்பத்தைக் காக்கிறது. ஆகவே எந்தச் சந்நிதியில் முறை என்பது மரியாதைக்கும் வயிற்றுக்கும் சேர்த்து உரிய கேள்வி. புதிதாக வந்தவரை ஆண்டுக்கணக்கில் விளக்கு துடைக்கவும் பூ எடுத்துக் கொடுக்கவும் மட்டுமே வைத்திருந்தால், யாரும் எந்த உத்தரவையும் மீறியதாகாது. பதிவேட்டில் அவர் அர்ச்சகர்தான்.

இதற்கு வழி ஸ்ரீரங்கத்தின் பழைய நிர்வாகத்திலேயே இருக்கிறது. இராமானுசர் கோயில் பணிகளைக் கொத்துகளாக, அதாவது பணிக்குழுக்களாக, வகுத்ததை அக்கோயிலின் பழைய வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. பிராமணர் அல்லாதாருக்கும் அதில் வரையறுத்த பணிகள் இருந்தன. சாதியை ஒழித்த ஏற்பாடு என்று அதைச் சொல்ல மாட்டேன். கருவறை அப்போதும் சிலருக்கு மட்டும்தான். ஆனால் இன்னாருக்கு இன்ன பணி, இன்ன மரியாதை என்று வகுத்துவிட்டதால், பிடிக்காதவர் நினைத்தபடி ஒருவரை ஒதுக்கிவிட முடியாது. இன்று நியமன ஆணையில் அந்தத் தெளிவு வேண்டும்: எந்தச் சந்நிதி, எத்தனை நாளுக்கு ஒரு முறை, யாரிடம் பழக வேண்டும், எப்போது தனியாகச் செய்யலாம், மறுத்தால் யாரிடம் முறையிடுவது.

பெண்கள் விஷயத்தில் முதலில் வரும் கேள்வி மாதவிலக்கு. மூன்று நான்கு நாள் விலகி இருக்கும் வழக்கத்தை அவர்களே கடைப்பிடிக்க விரும்பினால், முறையை மாற்றிப் போட்டால் போதும். வீட்டில் தீட்டு நேர்ந்தால் ஆண் அர்ச்சகர் பத்து நாளுக்கு மேல்கூட விலகியிருக்கிறார், கோயில் நின்றுவிடுவதில்லை. பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் இருக்கிறதா என்பதுதான் உடனே பார்க்க வேண்டியது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து திருச்சியின் தெப்பக்குளம், சின்னக்கடை வீதிப் பக்கம் வந்தால் சங்கதி வேறு, சிக்கல் அதேதான்: தாளில் உள்ள உரிமை அன்றாடத்தில் கைக்கு வர வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுவிடலாம். மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் எந்தப் பெண்ணும் அதில் உட்கார மாட்டாள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்பவருக்குத் தெரியாவிட்டால் அந்தக் குழுவால் பயனில்லை.

மீண்டும் கோயிலுக்கு வருவோம். எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஒரு குழு அமைக்கச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கு எப்போது முடிந்தாலும், அறநிலையத் துறையின் கீழ் உள்ள 36,000-க்கும் மேற்பட்ட கோயில்களில் ஆகமம் சாராத ஊர்க்கோயில்கள் ஏராளம். அங்கே இந்த நியமனத்துக்குத் தடையே இல்லை. அந்தக் கோயில்களில் காலியாக உள்ள இடங்களை ஊர் வாரியாகத் துறை வெளியிடட்டும்; ஸ்ரீரங்கம் பள்ளியில் படித்து முடித்து வீட்டில் காத்திருப்பவர்கள் அடுத்த மாதமே விண்ணப்பம் போடலாம்.